சிட்னியில் முதல் மூன்று இரவு: பெரியம்மா வீடா, துறைமுகத்துப் பக்கம் அறையா?

விசா கிடைத்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் வீட்டில் உண்மையான பேச்சு தொடங்குகிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். கலியாணம் முடித்துச் சில மாதங்கள்தான் ஆகிறது. கணவரின் பெரியம்மா சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறார். "எங்கட வீட்ட நிக்காம வேற எங்க நிக்கப் போறீங்க?" என்று இப்போதே கேட்டுவிட்டாராம். இவர்களுக்கோ முதல் மூன்று நாளாவது துறைமுகத்துக்குக் கிட்ட தனியாக இருக்க ஆசை. அக்கரைப்பற்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கேள்வி வேறு: மகள் வீடு டூங்காபியில், மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள், நானும் மனுசியும் பகலில் எப்படி ஊரைப் பார்ப்பது?

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சரிவராது. ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக்காரர் இருப்பது நகரத்திலிருந்து ஏறக்குறைய 25, 30 கிலோமீற்றர் மேற்கே. பார்க்க வந்தது கிழக்கே, கடல் உள்ளே நுழையும் துறைமுகத்தில். இடையில் ஒரு ரயில் பாதை. அதனால் முதல் மூன்று இரவை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்தால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

தெரிவுகள் நாலு. ஒன்று, மேற்கே சொந்தக்காரர் வீடு. இரண்டு, சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஹேமார்க்கெட் பக்கம் ஒரு அறை. மூன்று, துறைமுகத்து ஓரத்திலேயே, அதாவது சேர்க்கியுலர் கீ, த ரொக்ஸ் பகுதியில் அறை. நாலு, பரமட்டாவில் அறை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

எதை வைத்து அளப்பது

எல்லாரும் முதலில் பார்ப்பது அறை வாடகை. நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதலாவது, தூக்கம். சிட்னி நேரம் நம்முடையதை விட நாலரை மணி முன்னால். ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் தொடக்கம் வரை கோடைகால நேரம் என்பதால் ஐந்தரை மணி. நாலரை மணிக் கணக்கில், அங்கே காலை ஏழு மணி என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு தாண்டி இரண்டரை. அங்கே இரவு பதினொன்று என்றால் உடம்புக்கு மாலை ஆறரை, கல்லடிக் கடற்கரையில் காற்று வாங்கும் நேரம். இதோடு, மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏற்கெனவே ஒரு இரவு பஸ்ஸிலோ வானிலோ போயிருக்கும். ஆக முதல் மூன்று நாளும் காலையில் எழும்ப முடியாது, இரவில் தூக்கம் வராது. விடியற்காலையில் எழும்பி எட்டு இடம் பார்ப்போம் என்று பட்டியல் போடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. முதல் நாட்களில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பகல் பதினொன்றிலிருந்து நள்ளிரவு வரையான நேரம்தான். அந்த நேரத்தில் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது, இரண்டு பேருக்குமான நேரம். புதுமணத் தம்பதிக்கு இது புரியும். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கும் இது தேவைதான், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, மொத்தச் செலவு. வாடகை, பயணம், சாப்பாடு, கொண்டுபோகும் சாமான், மற்றவர் நமக்காகச் செலவழிப்பது, எல்லாம் சேர்த்து. ஒரு அவுஸ்திரேலிய டொலரை 200 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். போகும்போது கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும்.

நாலாவது, உறவு. இதை எந்தப் பயணக் கையேட்டிலும் எழுதமாட்டார்கள். நம் ஆட்களுக்கு இது வாடகையை விடப் பெரிய செலவு.

முதலில், பார்க்கப் போவது என்ன

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்குமிடம் இதைப் பொறுத்தது. முதல் மூன்று நாளுக்குத் துறைமுகமே போதும். சேர்க்கியுலர் கீ படகுத் துறையில் நின்றால் ஒரு கைப்பக்கம் ஒபெரா ஹவுஸ், மறு கைப்பக்கம் பாலம். ஒபெரா ஹவுஸை வடிவமைத்தவர் டென்மார்க்காரர் யோர்ன் உட்சன். 1959இல் வேலை தொடங்கியது, 1966இல் அவர் பாதியில் விலகிப் போனார், 1973 ஒக்டோபரில்தான் திறந்தார்கள். தன் கட்டிடம் முடிந்து நிற்பதை அவர் கடைசிவரை நேரில் வந்து பார்க்கவில்லை. வெளியே சுற்றிப் பார்க்கக் காசில்லை. உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவதற்குக் கட்டணம். பக்கத்திலேயே 1816இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அதுவும் இலவசம். அங்கிருந்து மிஸிஸ் மக்குவாரியின் நாற்காலி என்று சொல்லும் பாறை இருக்கை வரை நடந்தால் பாலமும் ஒபெரா ஹவுஸும் ஒரே படத்தில் விழும்.

1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இரும்புப் பாலம் புதிதில்லை. சிட்னிப் பாலம் அதற்கு எட்டு வருடம் இளையது, 1932 மார்ச் 19இல் திறந்தது. ஆனால் வளைவின் நீளம் 503 மீற்றர், உச்சி கடல் மட்டத்திலிருந்து 134 மீற்றர். வளைவின் மேலே ஏற்றிவிடுவதற்கு ஆளுக்குச் சில நூறு டொலர் வாங்குகிறார்கள். பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதையில் நடக்க ஒரு சதமும் இல்லை. தூணுக்குள் இருக்கும் பார்வை மாடத்துக்கு 200 படி ஏற வேண்டும், கட்டணம் கொஞ்சம்தான். முழங்கால் நல்லாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

அப்புறம் படகு. மண்டூர்–குருமண்வெளிப் பாதையில் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவி கடப்பவர்களுக்குப் படகு என்றால் அக்கரைக்குப் போகும் வழி. சிட்னியில் படகுப் பயணமே பார்க்க வேண்டிய காட்சி. மேன்லிக்கு அரை மணி, டரோங்கா மிருகக்காட்சிசாலைக்குப் பன்னிரண்டு நிமிடமளவு, வொட்சன்ஸ் பே போனால் துறைமுக வாயிலின் செங்குத்துப் பாறைகள், 1858இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சின்னக் கலங்கரை விளக்கம். இவை எல்லாமே பஸ், ரயில் கட்டணம் போல ஒரே அட்டையில் அடங்கும் அரசுப் படகுகள். மேன்லிக்குத் தனியார் வேகப் படகும் ஓடுகிறது. பெயர்ப்பலகை பார்த்து ஏறுங்கள், அதன் கட்டணம் தனி.

பொண்டைக் கடற்கரையை இந்தப் பட்டியலில் நான் வைக்கவில்லை. பாசிக்குடாவும் அறுகம்பேயும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்கள், முதல் மூன்று நாளில் ஒரு மணல் கடற்கரைக்காக ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகத் தேவையில்லை. பிறகு ஒரு நாள் பார்க்கலாம்.

தெரிவு 1: சொந்தக்காரர் வீடு

வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட். நம் ஆட்கள் நிறைந்த பகுதி இது. மேய்ஸ் ஹில்லில் முருகன் கோயில். இலங்கைச் சாமான் கடையில் மாசியும் வாங்கலாம், குரக்கன் மாவும் வாங்கலாம். வந்து இறங்கிய காலையில் நேராக ஒரு வீட்டுக்குப் போய்க் குளித்து, சோறு கறி சாப்பிட்டுப் படுக்க முடிவது பெரிய வசதி. ஹோட்டலில் பகல் இரண்டு மூன்று மணிக்கு முன் அறை தரமாட்டார்கள். பெட்டியை மட்டும் வாங்கி வைப்பார்கள். சிங்கப்பூர் வழியாக இரவு முழுக்கப் பறந்து வந்தவருக்கு அந்த ஐந்தாறு மணி நேரம் பெரிய பாடு.

இனி மறைந்திருக்கும் செலவு.

நேரம் முதலாவது. மேற்கு ரயிலில் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய முக்கால் மணி. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை, காத்திருப்பு, ரயில் மாறுவது எல்லாம் சேர்த்தால் வாசலிலிருந்து துறைமுகத்துக்கு ஒன்றேகால் மணி என்று வையுங்கள். போகவர இரண்டரை மணி. மூன்று நாளில் ஏழரை மணி. பகல் பதினொன்றுக்கு முன் எழும்பவே முடியாதவருக்கு இது ஒரு முழுநாள் போன கணக்கு. இரவு விளக்கு ஏறிய பிறகுதான் துறைமுகம் அழகு. டிசம்பரில் சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டும். அதைப் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்பினால் வீடு சேர நடுநிசி, கதவு திறக்கப் பெரியம்மா விழித்திருப்பார், அவருக்கு மறுநாள் காலை ஆறரைக்கு வேலை. இரண்டாவது இரவே நீங்கள் வெள்ளனத் திரும்பத் தொடங்கிவிடுவீர்கள். சனி, ஞாயிறில் பாதைப் பராமரிப்பு என்று ரயிலை நிறுத்திப் பஸ் விடுவதும் அடிக்கடி நடக்கும். அன்று இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மற்றவர் செலவு. "நாங்க கொண்டுபோய்க் காட்டுறம்" என்பார்கள். நெடுஞ்சாலைக்குச் சுங்கம், நகரத்துக்குள் கார் நிறுத்தக் கட்டணம், இரண்டும் அங்கே கொடூரம். அதோடு ஒரு நாள் லீவு. ஒருவரும் உங்களிடம் அதைச் சொல்லமாட்டார்கள். நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சாமான். வெறுங்கையோடு போக முடியாது. இங்கே அம்மா கட்டித் தருவார்: கருவாடு, கச்சான், முந்திரிகை, தேன், பலகாரம், இடித்த தூள். அவுஸ்திரேலியாவில் உணவு, விதை, மரப்பொருள் எல்லாவற்றையும் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் அதிகாரி பார்த்து விடுவார், அல்லது எடுத்துக் குப்பையில் போடுவார், அவ்வளவுதான். காட்டாமல் பிடிபட்டால் தண்டம் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகலாம், விசாவையே ரத்துச் செய்யவும் சட்டம் உண்டு. எருமைத் தயிரையும் வீட்டில் காய்ச்சிய நெய்யையும் அம்மாவிடம் சொல்லி இங்கேயே விட்டுவிடுங்கள்.

புதுமணத் தம்பதிக்கு இன்னொன்று: விருந்து. பெரியம்மா வீட்டில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் ஹோம்புஷ் மாமா, செவன் ஹில்ஸ் சித்தி, ஊர்க்காரர் ஒருவர் என்று ஆளாளுக்கு ஒரு இரவு கேட்பார்கள். பாசம்தான், ஆனால் மூன்று விருந்து என்றால் மூன்று மாலை போயிற்று. துறைமுக விளக்கைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை சொன்னாலும், வயதானவர்களுக்கும் முதல்முறை விமானம் ஏறுபவர்களுக்கும் சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் இதுதான் சரி. நீரிழிவு மாத்திரையோடு வருகிறவர் நேரத்துக்கு வீட்டுச் சோறு சாப்பிடுவதற்கு எந்த ஹோட்டலும் ஈடாகாது. ஒரே ஒரு வேண்டுகோள்: வந்த அன்றே ஒரு திறப்பைக் கேட்டு வாங்குங்கள். திறப்பு கையில் இல்லாத விருந்தாளி வீட்டுக்காரரின் நேரத்துக்குத்தான் வாழ வேண்டும்.

தெரிவு 2: சென்ட்ரல், ஹேமார்க்கெட்

விமான நிலையத்திலிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சீனக் கடைத்தெரு பக்கத்தில் இருப்பதால் இரவு வெகுநேரம் வரை சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும். ஜோர்ஜ் ஸ்ட்ரீட் வழியே ட்ராம் நேராகத் துறைமுகத்துக்குப் போகிறது. திரும்பும்போது தூக்கம் வராத இரவில் கடைகளைப் பார்த்தபடி நடந்தே வரலாம், முக்கால் மணிக்குள். நேர வித்தியாசத்தில் தடுமாறும் இரண்டு பேருக்கு இதைவிட வசதி இல்லை: பகலில் கால் வலித்தால் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டு மாலையில் மறுபடி புறப்படலாம். மேற்கே தங்கினால் இது நடக்காது.

சாதாரண இரட்டை அறை ஒன்று இரவுக்கு 150 முதல் 220 டொலர் என்று எதிர்பாருங்கள். நடுவே 180 என்று வைத்தால் மூன்று இரவுக்கு 540 டொலர், நம் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். பெரிய தொகைதான். ஆனால் முன்னே சொன்ன ஏழரை மணி நேரத்தையும் மூன்று மாலையையும் இந்தக் காசு வாங்கித் தருகிறது என்று பார்த்தால் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

மறைந்த செலவுகளில் முதலாவது, விமான நிலைய ரயிலின் நுழைவுக் கட்டணம். சாதாரண ரயில் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 17 டொலருக்கும் கூட. ஒரு நாள் பயணக் கட்டணத்துக்கு உள்ள உச்ச வரம்பிலும் (அதைக் கீழே சொல்கிறேன்) அது அடங்காது. இரண்டு பேர், இரண்டு பெட்டி என்றால் டக்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டாவது, ஹோட்டல் உங்கள் கார்ட்டில் நூறு, இருநூறு டொலரைப் பிணையாக மறித்து வைக்கும். திருப்பித் தருவார்கள், ஆனால் நம் வங்கி கார்ட்டுக்குத் திரும்பிவர நாள் எடுக்கும். கார்ட்டின் வரம்பு சின்னதாக இருந்தால் அந்த நாட்களில் கை கட்டிப்போகும். மூன்றாவது, மலிவு அறைகளில் சில ஜன்னல் இல்லாதவை. விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஏற்கெனவே பகல் இரவு குழம்பிய உடம்பை ஜன்னல் இல்லாத அறையில் போட்டால் மூன்று நாளும் தூங்கியே போகும். இருபது டொலர் கூடக் கொடுத்தாலும் வெளிச்சம் உள்ள அறை எடுங்கள்.

சாப்பாடு வெளியே ஆளுக்கு ஒரு வேளை 20, 25 டொலர். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தல் வாங்கத் தேவையில்லை. ஞாயிறிலும் விடுமுறை நாளிலும் பல கடைகள் பில்லில் பத்து வீதமோ அதற்கு மேலோ கூட்டிப் போடும். ஹலால் கடை இந்தப் பகுதியிலும் கிடைக்கும். ஆனால் காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து ஆட்கள் நிறையத் தெரிவு வேண்டும் என்றால் ஒரு மாலை ஓபர்ன் போய் வாருங்கள். துருக்கியர் கட்டிய கலிபோலிப் பள்ளிவாசலும் அங்கேதான், போய்ப் பார்க்க வேண்டிய கட்டிடம்.

தெரிவு 3: துறைமுகத்து ஓரம்

ஜன்னலைத் திறந்தால் பாலம். இதற்குமேல் இதன் சிறப்பைச் சொல்ல ஒன்றுமில்லை, இதற்குமேல் தேவையும் இல்லை. விலை 300, 400 டொலரில் தொடங்கி மேலே போகும். காட்சி தெரியும் அறைக்கு அதற்கும் மேல். மே கடைசியிலிருந்து ஜூன் வரை நடக்கும் விவிட் ஒளி விழாவிலும் புதுவருட இரவிலும் விலையைப் பார்க்காமலே விடுவது நிம்மதி.

ஒரு நுணுக்கம்: ஒபெரா ஹவுஸுக்கு நேர் எதிரே பயணக் கப்பல்கள் கட்டும் மேடை. பத்துப் பன்னிரண்டு மாடி உயரக் கப்பல் வந்து நின்றால் கீழ்மாடி அறைகளின் காட்சி போய்விடும். கப்பல் வரும் நாட்களை முன்கூட்டியே பார்க்கலாம்.

காசு குறைவு, ஆசை கூட என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. த ரொக்ஸ் பகுதியில் தொல்லியல் அகழ்வுக் குழிகளுக்கு மேலே, குழிகளைக் கெடுக்காமல் தூண்களில் கட்டிய இளைஞர் விடுதி இருக்கிறது. இளைஞர் என்று பெயர் இருந்தாலும் வயது வரம்பில்லை, இரண்டு பேருக்கான தனி அறையும் உண்டு. பொதுச் சமையலறையில் சோறு வைக்கலாம். மொட்டைமாடியில் நின்றால், பெரிய ஹோட்டல்காரன் காசு வாங்கிக் காட்டும் அதே துறைமுகம் தெரியும். அறை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

முழுப் பயணத்தையும் இங்கே தங்குவது வீண். ஒரே ஒரு இரவு, கலியாண நாளோ பிறந்தநாளோ வருகிறதென்றால், எடுங்கள்.

தெரிவு 4: பரமட்டா

உறவுக்கும் தனிமைக்கும் நடுவே நிற்கும் தெரிவு இது. பெரியம்மா வீட்டுக்கு ரயிலில் சில நிலையம், காரில் கால் மணி. சாப்பிட அங்கே போய், படுக்க அறைக்கு வரலாம். வேக ரயில் பிடித்தால் சென்ட்ரல் அரை மணிதான். ஹாரிஸ் பார்க்கில் தோசைக் கடை முதல் பிரியாணிக் கடை வரை வரிசையாக இருக்கின்றன. பரமட்டா பூங்காவில் உள்ள பழைய ஆளுநர் மாளிகை, 2010இல் உலக மரபுரிமையான குற்றவாளிக் குடியேற்றத் தலங்களில் ஒன்று. அறை விலை நகரத்தை விடப் பொதுவாகக் குறைவு, அறையும் கொஞ்சம் பெரிசு.

இதன் தனிச் சிறப்பு ஆற்றுப் படகு. சேர்க்கியுலர் கீயிலிருந்து பாலத்துக்குக் கீழே புகுந்து பரமட்டா ஆற்றில் ஒன்றரை மணி நேரம் மேலே வரும். துறைமுகம் மெல்ல ஒடுங்கி ஆறாகி, கடைசியில் இரு கரையிலும் கண்டல் மரம். வாவிக்கரை ஆட்களுக்கு அந்தக் கடைசி அரை மணி பிடிக்கும். கடல் வற்றும் நேரத்தில் படகு பரமட்டா வரை வராமல் ரைடல்மியரில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். புறப்படு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் ஒரு எச்சரிக்கை. கடல்காற்று மேற்கே எட்டாது. துறைமுகத்தில் இதமாக இருக்கும் நாளில் பரமட்டாவில் பல பாகை கூடக் கொதிக்கும். குளிர்காலக் காலையில் நேர்மாறு, நகரத்தை விடக் குளிர். இது தெரிவு 1க்கும் பொருந்தும். அங்குள்ள வீடுகள் பலவற்றில் உள்ளேயே விறைக்கும், ஜூலையில் போகிறவர்கள் ஸ்வெட்டரைப் படுக்கைக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | சொந்தக்காரர் வீடு | சென்ட்ரல் | துறைமுக ஓரம் | பரமட்டா |
|---|---|---|---|---|
| மூன்று இரவு வாடகை (டொலர், ஏறக்குறைய) | 0 | 450–660 | 900க்கு மேல். விடுதி அறை குறைவு | சென்ட்ரலை விடக் கொஞ்சம் குறைவு |
| துறைமுகத்துக்கு ஒரு வழி | ஒன்றேகால் மணி | 20 நிமிடம் | நடை | முக்கால் மணிக்கு மேல் |
| இரவு வெளியே நிற்க | கஷ்டம் | சுகம் | மிகச் சுகம் | பரவாயில்லை |
| பகலில் அறைக்கு வந்து படுக்க | முடியாது | முடியும் | முடியும் | முடியாது |
| சாப்பாடு | வீட்டுச் சோறு | வெளியே | வெளியே, விலை கூட | பாதி வீடு, பாதி வெளியே |
| வெளியில் தெரியாத செலவு | விருந்து, சாமான், மற்றவர் லீவு | விமான நிலையக் கட்டணம், பிணைத்தொகை | விழாக்கால விலை | ரயில் நேரம், வெயில் |
| உறவில் மனக்குறை | இல்லை | சொல்லும் விதத்தில் | உண்டு | குறைவு |

பயணக் கட்டணம் பற்றி ஒரு சொல்

எங்கே தங்கினாலும், பஸ், ரயில், படகு எல்லாவற்றுக்கும் செல்லும் ஓபல் என்ற பயணக் கார்ட்டையோ உங்கள் சொந்த வங்கி கார்ட்டையோ தட்டி ஏறலாம். ஒரு கார்ட்டில் ஒருவர்தான் போகலாம், இரண்டு பேருக்கும் இரண்டு வேண்டும். நம் வங்கி கார்ட் என்றால் வெளிநாட்டுக் கழிவு சேரும், அதனால் ஓபல் வாங்குவதே லாபம். திங்கள் முதல் வியாழன் வரை ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு ஓடினாலும் 19 டொலரளவில் கட்டணம் நின்றுவிடும். வெள்ளி, சனி, ஞாயிறில் அதில் பாதி. மேன்லிப் படகு போகவர, கூடவே ரயில் என்றாலே வரம்பு வந்துவிடும், மிச்சப் பயணம் எல்லாம் சும்மா. வெளிநாட்டிலிருந்து வரும் முதியவருக்கு அங்குள்ள மூத்தோர் சலுகைக் கார்ட் கிடையாது, முழுக் கட்டணம்தான்.

வார நாளில் காலை பத்திலிருந்து பின்னேரம் மூன்று வரையும், இரவு ஏழுக்குப் பிறகும் ரயில் கட்டணம் 30 வீதம் குறைவு. தூக்கம் தடுமாறும் உங்கள் நேரமும் அதுதான்.

அப்படியென்றால் யாருக்கு எது

களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு: செவ்வாய் காலை இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தால் நல்லது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று இரவும் சென்ட்ரலில். வெள்ளி பின்னேரம் பெட்டியோடு வென்ட்வேர்த்வில். பெரியம்மா வீட்டில் எல்லாருக்கும் ஓய்வு சனி, ஞாயிறுதான். காரும் அப்போதுதான் சும்மா நிற்கும், முருகன் கோயிலுக்கும் சேர்ந்து போகலாம். வார நாளில் அவர்கள் வீட்டில் போய் நின்றால் பூட்டின வீட்டுக்குள் நீங்கள் இருவரும்தான் இருப்பீர்கள். விருந்துகளையும் பெரியம்மாவிடமே ஒப்படையுங்கள்: "சனிக்கிழமை பகல் எல்லாரையும் உங்கட வீட்டயே கூப்பிடுங்க பெரியம்மா, நாங்க சமைக்க உதவுறம்." மூன்று விருந்து ஒன்றாகிவிடும்.

ஆனால் ஒன்று. விசாவுக்கு அழைப்புக் கடிதம் தந்தவர் பெரியம்மா என்றால், அறை பதிவு செய்வதற்கு முன் அவருக்குச் சொல்லுங்கள், பிறகு அல்ல. பேசுவது கணவராக இருக்கட்டும். புது மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு கதையாகிவிடும்.

அக்கரைப்பற்று ஆசிரியருக்கு: மகள் வீடுதான். பத்து மணிக்குப் பிறகு ரயில் ஏறுங்கள், கட்டணமும் குறைவு, இருக்கையும் கிடைக்கும். நகரத்தில் இறங்காமல் அதே ரயிலில் இருந்தால் அது துறைமுகப் பாலத்தின் மேலேயே ஏறி மறுகரைக்குப் போகும். மில்சன்ஸ் பொயின்டில் இறங்கி, பாலத்துக்குக் கீழே புல்தரையில் கொஞ்சம் இருந்துவிட்டு, அங்கிருந்து படகில் சேர்க்கியுலர் கீ வாருங்கள். ரயில் மாறத் தேவையில்லை, படியும் அதிகமில்லை, முதல் நாளுக்கு அது போதும். மூன்றாம் நாள் வெள்ளியாக இருந்தால் பாதிக் கட்டணத்தில் மேன்லிக்குப் போய்வந்து, அந்த ஒரு இரவை மட்டும் நகரத்தில் அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள். மகள் வேண்டாம் என்பார். பிறந்தநாள் பரிசாக அவரையே அறை போடச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சும் முடிந்தது.

கல்முனையிலோ ஓட்டமாவடியிலோ இருந்து, அங்கே யாருமே இல்லாமல் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை. சென்ட்ரலில் ஜன்னல் உள்ள ஒரு அறை எடுங்கள்.